சந்தேகம் இல்லை என்ற வரி

காவலில் இறந்தவர்களைப் பற்றிய தாள்களைப் படித்து, ஒவ்வொரு சாவையும் அதற்குரிய வகையில் சேர்ப்பது என் வேலை. புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு சென்னையில் ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். தகவல் கேட்டு மனு அனுப்பினால் சிறைகளிலிருந்தும் காவல் நிலையங்களிலிருந்தும் பதில்கள் வரும். சில நேரம் ஒரே வரி, சில நேரம் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு ஒரு கட்டு. அலுவலகம் போகாத நாட்களில் கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறையில், அம்மா ஒரு பக்கம் சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, நான் மடிக்கணினியில் அவற்றை வகை பிரிப்பேன். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல கணக்கு வேலை" என்று அம்மா முடித்துவிடுவார்.

வகைகள் ஐந்து. இயற்கை, தற்கொலை, விபத்து, பிறரால் தாக்கப்பட்டது, தெரியவில்லை. இயற்கைக்குள் இதயம், காசநோய், கல்லீரல், வலிப்பு, சர்க்கரை என்று கிளைகள். சேர்ந்த புதிதில் என்னைக் குழப்பியது 'இதயச் செயலிழப்பு' என்ற சொல். இதயம் நிற்காமல் யாரும் சாவதில்லை. அது சாவு நடந்த விதம், காரணம் அல்ல. ஆனாலும் தாள்களில் அடிக்கடி வருவது அதுதான். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் படி என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். படிக்கப் படிக்க, நோயின் பெயரைவிட வேறு சில விஷயங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. தண்டனை பெறாதவர், விசாரணைக்காக வைக்கப்பட்டவர். உள்ளே போன முதல் சில நாட்கள். தினமும் குடித்தவருக்குக் குடி திடீரென்று நின்றுபோவது. வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்ட மாத்திரை. நெஞ்சு எரிகிறது என்றவருக்குக் கொடுத்த வாயு மாத்திரை. மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்ற குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை.

இன்னொன்றும் இருந்தது. கட்டின் கடைசிப் பக்கங்களில், விசாரித்த அதிகாரியின் கையெழுத்துக்கு மேலே: 'இறப்பில் சந்தேகம் ஏதும் இல்லை என உறவினர் தெரிவித்தனர்.' அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம், மிரட்டி எழுதி வாங்கியிருப்பார்கள் என்றுதான் நினைப்பேன். சில இடங்களில் அப்படி நடந்தும் இருக்கும். என் மாமா சாகும்வரை எனக்கு வேறு விளக்கம் தோன்றியதில்லை.

மாமா அம்மாவின் தம்பி. மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்குப் போகும் சாலையில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் துணிப்பையும் விற்கும் கடை வைத்திருந்தார். வீடு அங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கடலோர ஊரில். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். மாமி இன்னும் அங்கேதான் இருக்கிறார். கல்யாணமான வருடமே மாமாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்து, அப்போதிருந்தே இன்சுலின். காலையிலும் இரவிலும் மாமிதான் ஊசி போடுவார். மாமாவுக்கு ஊசி என்றால் பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, போட்டு முடிக்கும்வரை எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். விருந்துக்குப் போன வீடுகளில்கூட, சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் ஏதாவது ஓர் அறைக்குள் போய்விட்டு வருவார்கள். "இன்னும் புதுமாப்பிள்ளைதான் போலகீது" என்று கிண்டல் செய்வார்கள்.

கடை வாசலில் நிழலுக்குக் கட்டிய தார்ப்பாய் பக்கத்துக் கடையின் முன்னால் நீள்கிறது என்று ரொம்ப நாளாக வாய்த்தகராறு இருந்தது. ஒரு திங்கட்கிழமை அது கைகலப்பாகி, பக்கத்துக் கடைக்காரர் படியில் விழுந்து மண்டை உடைந்தது. தையல் போட்டார்கள். புகார், வழக்கு, எல்லாம் மதியத்துக்குள். அன்று மாலையே மாமாவை நீதிமன்றக் காவலில் ஒரு கிளைச்சிறையில் அடைத்தார்கள்.

இது நடந்த சமயத்தில் மாமாவின் மகளுக்குத் திருப்போரூர்ப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அதனால் முதல் வேலையாக, ஊருக்கு என்ன சொல்வது என்று பேசப்பட்டது. அதை முடிவு செய்தது மாமாவின் அண்ணன். அவரை நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். திங்கள் இரவு போனில் எங்கள் எல்லோருக்கும் அவரே தகவல் சொன்னார். மாமா ஜமாஅத்தில் போயிருக்கிறார்.

எங்கள் ஊர்களில் இது புதிதல்ல. ஆண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, ஊர் ஊராகப் பள்ளிவாசல்களில் தங்கி, தொழுகைக்கு ஆட்களை அழைத்துக்கொண்டு நாற்பது நாள் போய்வருவார்கள். சிலர் திடீரென்று கிளம்பிவிடுவதும் உண்டு. போன் எடுக்காவிட்டாலும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். உள்ளூர்க் குழுவில் போனதாகச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று, ஆந்திரா பக்கத்துக் குழுவோடு போனதாகச் சொன்னார் பெரிய மாமா.

"நாப்பது நாள்ல எப்படியும் ஜாமீன் வாங்கிடலாம்" என்றார். "உள்ள எவன் ஷேவிங் பண்ணி வுடப்போறான்? தாடியோட வந்து எறங்குவான். ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது."

அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது.

வியாழக்கிழமை மாமியும் நானும் மனு பார்க்கப் போனோம். சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதற்கு அதுதான் பெயர்; பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பேச வேண்டும். மாமி முகத்தை முழுதாக மூடியிருந்தார். வழியில் செங்கல்பட்டில் பஸ் மாறும்போது, தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டு என் பின்னால் ஒதுங்கி நின்றார்.

மாமா வலையருகே வந்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தார். "வாம்மா, செத்தவன் கணக்கு எழுதற ஆபீசரு. நான் இன்னும் சாவல, வேற ஆளப் பாரு."

"ஊசி போடறாங்களா மாமா?"

"சோறு போடறான். உங்க மாமி மாதிரி வேலையும் வாங்கறதில்ல."

"ஊசி?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கேட்டாங்க, ஒடம்புக்கு இன்னான்னு. சக்கரை, மாத்திரை போடுவேன்னு சொல்லிகீறேன். மாத்திரை குடுத்தாங்க. ஊசின்னு சொன்னா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுவான் பாப்பா. கால்ல சங்கிலி போட்டு கட்டில்ல கட்டி வெச்சிருப்பான், பக்கத்துல ஒரு போலீசு. நம்ம ஊரு ஆளுங்க தெனம் அங்க வந்துகினு போய்கினு இருக்காங்க. ஒருத்தன் பாத்தா போச்சே."

 மாமா பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி வந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டேன். "இங்க அது ஒண்ணுதான் இலவசம்" என்றார்.

நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். இந்த மாதிரித் தாள்களை நான் படித்திருக்கிறேன், முதலில் தாகம், பிறகு வாந்தி, பிறகு வயிற்றுவலி, பிறகு மூச்சு வாங்கும், அதற்குப் பிறகு மயக்கம். வாந்தி வந்த உடனே ஊசி என்ற வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். அவர் தலையாட்டினார். நேரம் முடிந்தது என்று ஒருவர் குச்சியால் வலையைத் தட்டினார். மாமா திரும்பும்போது மாமியைப் பார்த்து, "ராத்திரி வயித்துல குத்தறதுக்கு ஆளில்லாம தூக்கமே வரல" என்றார்.

வழியெல்லாம் மாமியிடம் பேசிக்கொண்டே வந்தேன். செய்ய வேண்டியது ஒன்றுதான்: மாமாவுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு கடிதம். இன்ன நோய், இன்ன ஊசி, நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. அதை வைத்து வக்கீல் நீதிமன்றத்தில் மனு போட்டால், சிறையில் ஊசி போட்டே ஆக வேண்டும்.

"கிளினிக்கு பள்ளிவாசலுக்கு எதுத்தாப்புல கீது" என்றார் மாமி. "அந்தக் கம்பவுண்டர் கிட்ட சொன்னா மைக்குல சொன்ன மாதிரி."

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"கம்பவுண்டர் எங்க உக்காந்துகீறாரு? நடுவுல ஒரு ஸ்கிரீன் துணி."

கூடுவாஞ்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரைக் கேட்டேன். நோயாளியைப் பார்க்காமல் தரமுடியாது என்றார், அது சரிதான். வெள்ளிக்கிழமை மாமி கிளினிக்குக்குப் போய்வந்ததாகவும் கடிதம் கிடைத்துவிட்டதாகவும் சொன்னார். சனிக்கிழமை காலையில் நான் போய் வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த வக்கீலிடம் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவரு எங்கம்மா பயணம் போறாரு?"

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். நோயாளி நெடும்பயணத்தில் இருக்கிறார், இன்சுலினும் ஊசியும் உடன் எடுத்துச் செல்ல அனுமதிக்கவும் என்று இருந்தது. மாமி டாக்டரிடம் ஜமாஅத் என்றுதான் சொல்லியிருக்கிறார். ரயிலில், சோதனையில் யாராவது ஊசியைப் பார்த்துப் பிடித்துக்கொண்டால் காட்டுவதற்கு என்று கேட்டிருக்கிறார். டாக்டரும் அக்கறையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"உங்காளு உள்ள கீறாரு. லெட்டர்ல ஊரு சுத்தினு கீறாரு" என்றார் வக்கீல். "இத வெச்சா, இவருதான் அவருன்னு நான் எப்படிம்மா சொல்றது? போ, நேரா எழுதி வாங்கினு வா. திங்கக்கிழம மொத வேலையா போட்டுடறேன்."

மாடிப்படியில் நின்றே மாமிக்குப் போன் செய்தேன். வக்கீல் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு, "டாக்டரு மதியத்தோட கெளம்பிட்டாரு. நாளைக்கு லீவு" என்றார். "திங்கக்கிழம காலையில போயி உள்ளதச் சொல்லிடறேன். கம்பவுண்டரு கேக்கட்டும். எவன் வேணா கேக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறையிலிருந்து பெரிய மாமாவுக்குப் போன் வந்தது. உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், வாருங்கள் என்றார்கள். அந்த வாக்கியத்தை நான் பல கட்டுகளில் படித்திருக்கிறேன். கிளம்பும்போதே எனக்குத் தெரியும். அம்மா வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்தார். அவரிடம் நான் சொல்லவில்லை.

சிறையிலிருந்து வந்தவர்கள் பிணவறைக்கு வெளியே நின்றிருந்தார்கள். சனிக்கிழமை வாந்தி, வயிற்றுவலி என்றார் அவர்களில் ஒருவர். வாயு மாத்திரை கொடுத்தோம். இரவில் ஊசி, ஊசி என்று கேட்டார், டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்று சொன்னோம். விடியற்காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. சொன்னவருக்கு என் வயதுதான் இருக்கும். பயந்திருந்தார். எதையும் மறைக்கும் அளவுக்கு அவருக்கு அனுபவம் இல்லை. பக்கத்தில் நின்ற மூத்தவர் அவர் தோளைத் தொட்டு அப்பால் கூட்டிக்கொண்டு போனார்.

சிறையில் சாவு என்றால் நீதித்துறை நடுவர் வந்து விசாரிக்க வேண்டும், அதன் பிறகே பிரேதப் பரிசோதனை. நடுவர் மதியத்துக்கு மேல் வருவார் என்றார்கள். அந்த இடைவெளியில் பெரிய மாமா எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். ஆஸ்பத்திரி இருந்த ஊரின் பள்ளிவாசலில் பேசி, அடக்கத்துக்கு அங்கேயே கபர்ஸ்தானில் இடம் கேட்டாயிற்று. மாலை அஸர் தொழுகையோடு ஜனாஸா தொழுகை. ஜமாஅத்தில் போன இடத்தில் ஒருவர் இறந்தால் அந்த ஊரிலேயே அடக்கம் செய்துவிடுவது வழக்கம். யாரும் ஏன் ஊருக்குக் கொண்டுவரவில்லை என்று கேட்கமாட்டார்கள். நல்ல சாவு என்று சொல்வார்கள்.

பிணவறைக்கு எதிரே ஒரு வேப்பமரத்தின் கீழ் மாமி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்ததும் பெரிய மாமா வந்து எதிரில் நின்றார்.

"ஒண்ணும் சொல்லாம வுட்டா இதயம்னு எழுதிடுவாங்க" என்றேன்.

"எழுதட்டும். இதயம் இன்னா கெட்ட வார்த்தையா?"

"மாமா அதுல சாவல."

"எதுல செத்தா இன்னா பாப்பா? திரும்பி வரப்போறானா? பொண்ணு நிக்காஹ் கீது. ஜெயில்ல செத்தவன் பொண்ணுன்னு ஒரு பேரு, ஜமாஅத்துல மவுத்தானவரு பொண்ணுன்னு ஒரு பேரு. எது வேணும்னு அவள்ட்ட கேளு." அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "என் தம்பி. எனக்கு வலிக்காதா?"

வாதம் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் மாமியிடம் சொன்னேன். செத்தபிறகு ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, அது மாறிவிடும். ஆனால் கண்ணுக்குள் இருக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்கும். அதை ஊசியால் எடுத்து அனுப்பினால், இன்சுலின் இல்லாமல் செத்தார் என்பது தெரியும். இந்த மாதிரி ஆள் என்று யாராவது சொன்னால்தான் எடுப்பார்கள். இன்று எடுக்காவிட்டால் பிறகு எப்போதும் முடியாது.

"கண்ண எடுத்துடுவாங்களா?"

"இல்ல மாமி. சின்ன ஊசி."

அவர் பிணவறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு ஊசின்னா பயம்" என்றார்.

நடுவர் ஒரு பெண். நடுத்தர வயது. ஒரு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெரிய மாமா முதலில் பேசினார். தம்பிக்குப் பகையாளி யாரும் இல்லை, சிறையில் யாரும் அடித்ததாகச் சொல்லவில்லை, சாவில் சந்தேகம் இல்லை. அதை அவர் சொல்லும்போது எதிரே யாரும் மிரட்டிக்கொண்டு நிற்கவில்லை. மகளின் கல்யாணம், அஸருக்குள் அடக்கம், பள்ளிவாசலுக்கு எதிரே இருக்கும் கிளினிக், இதெல்லாம் அந்த வரிக்குள் இருந்தன. நான் இதுவரை படித்த அத்தனை கட்டுகளிலும் இப்படி யாரோ ஒருவர் ஒரு மேசைக்கு முன்னால் நின்றிருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது.

நடுவர் மாமியைக் கூப்பிட்டார். "உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?"

"இல்லைங்க" என்றார் மாமி.

 நடுவர் எழுதினார். எழுதிக்கொண்டே, "வேறு நோய் ஏதாவது இருந்ததா?" என்றார்.

"சக்கரை. லேசா" என்றார் பெரிய மாமா.

"லேசா இல்ல" என்றார் மாமி.

நடுவர் நிமிர்ந்தார். மாமி முகத்திரையைத் தூக்கிவிட்டார். அழவில்லை. சமையல் குறிப்பு சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். காலையில் எவ்வளவு, இரவில் எவ்வளவு. எந்த மருந்தை முதலில் குலுக்க வேண்டும். ஒரு நாள் வயிற்றில் வலது பக்கம், மறுநாள் இடது பக்கம், தொடர்ந்து ஒரே இடத்தில் குத்தினால் கட்டி விழும். நோன்பு மாதத்தில் எப்படி மாற்றுவார். ஒருமுறை திருச்சிக்குப் போன வழியில் மருந்து உடைந்து, மறுநாளே வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தது. "நான் போடலேன்னா அவரு இருக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியும்ங்க. அந்த ஒரு வாட்டி தவிர, கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு வேள தவறனதில்ல. அவருதான் ஊசின்னு சொல்லல. நாங்களும் யார்கிட்டயும் சொல்லல. ஜமாஅத்துல போயிகீறாருன்னு சொல்லிட்டோம். நேத்து அவரு கேட்டுகீறாரு. நேத்து கேட்டும் போடல."

"அதைச் சந்தேகம்னு எழுதலாமா அம்மா?"

"அது சந்தேகம் இல்லைங்க. எனக்குத் தெரியும்."

 நடுவர் பழைய வரியை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். கண்ணுக்குள் இருக்கும் நீரை எடுப்பது பற்றி நான் கேட்டேன். பரிசோதனை செய்யும் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டியவர் வரத் தாமதமாகி, எல்லாம் முடிய இருட்டிவிட்டது. அஸர் போய், அந்தி நேரத்து மக்ரிபும் போயிற்று. அந்த ஊர்ப் பள்ளிவாசலில் தோண்டி வைத்த குழிக்கு என்ன சொல்வது என்று பெரிய மாமா கேட்டார்.

"வூட்டுக்குக் கொண்டு போலாம்" என்றார் மாமி.

ஊரில் எல்லோரும் வந்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். ஜனாஸாவுக்குப் பள்ளிவாசல் நிறைந்தது. அடக்கம் முடிந்து திரும்பும்போது ஒருவர் இன்னொருவரிடம், "ஆந்திரா ஜமாஅத்து சீக்கிரமா முடிஞ்சிடுச்சே" என்றாராம். பெரிய மாமா காதில் விழும்படிதான். அவர் நின்று, அந்த ஆளைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. திருப்போரூர் வீட்டில் இந்த வருடம் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருடம் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாமாவின் மகள் அந்தப் பேச்சு வரும்போது சமையலறைக்குப் போய்விடுவாள்.

மாமி இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் குறிப்பிட்ட காலம்வரை பெண் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. துக்கம் கேட்க வரும் பெண்கள்தான் அவரிடம் வருவார்கள். ஜமாஅத்தில் போன இடத்தில் என்று சிலர் நாகரிகமாக ஆரம்பிப்பார்கள். மாமி குறுக்கிட்டு, "ஜெயில்ல" என்பார்.  தேநீர் ஆறிப்போகும்.

இத்தா முடியப்போகும் சமயத்தில் ஆய்வக அறிக்கை வந்தது. கண்ணுக்குள் இருந்த நீரில் சர்க்கரை மிக அதிகம், கூடவே அமிலமும். காரணம்: நீரிழிவின் தீவிரச் சிக்கல். அதற்குக் கீழே, இறப்பின் தன்மை: இயற்கை. வாந்தி எடுத்தவருக்கு வாயு மாத்திரை கொடுத்ததும், ஊசி கேட்டவரைத் திங்கட்கிழமைவரை காத்திருக்கச் சொன்னதும் நடுவரின் விசாரணையில் இருக்கிறது. அது இன்னும் முடியவில்லை.

அலுவலகத்தில் அந்தத் தாளை நானே வகைப்படுத்தவில்லை. பக்கத்து மேசைத் தோழியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "இயற்கைதானே? சர்க்கரைக் கிளை?" என்றாள். ஆமாம் என்றேன். எங்கள் விதிப்படி அது சரி. எங்கள் ஐந்து வகைகளில் கொடுக்காமல் விட்டதற்கு இடம் இல்லை. ஒன்று சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதை வைத்து நிரூபிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு மாமி வேண்டியிருக்கும்.

அறிக்கையை மாமிக்குப் படித்துக் காட்டப் போயிருந்த அன்றுதான் அந்தப் பெண் வந்தாள். பக்கத்துத் தெருக்காரி. ஏற்கெனவே ஒருமுறை துக்கம் கேட்டுவிட்டுப் போனவள் என்று மாமி பிறகு சொன்னார். உட்கார்ந்து, மின்விசிறியைப் பற்றி ஏதோ சொன்னாள். பிறகு, "எங்க அக்கா பையன் ஒருத்தன் உள்ள கீறான்" என்றாள். "சும்மா அடிதடி கேசுதான். பெங்களூருல வேலன்னு சொல்லி வெச்சிகீறாங்க. அவனுக்கு வலிப்பு. மாத்திரை உள்ள வாங்க மாட்றாங்களாம். இன்னா பண்றதுன்னு அக்கா கேக்கச் சொன்னா."

"இன்னா மாத்திரை?" என்றார் மாமி.

அவள் தயங்காமல் சொன்னாள். வெள்ளை காலையில், மஞ்சள் இரவில், மஞ்சளைச் சாப்பிட்டதும் பால் குடிக்கக் கூடாது, மருந்து தவறினால் எத்தனையாவது நாளில் இடது கை முதலில் இழுக்கும் என்பது வரை. அக்கா மகனைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்காது. மாமி யார் மகன் என்று கேட்கவில்லை.

"டாக்டருகிட்ட போவச் சொல்லு. உள்ள கீறான்னு வாயால சொல்லணும். லெட்டர்ல அந்த வார்த்த வரணும். பெங்களூருன்னு எழுதி வாங்கினு போனா வேலைக்காவாது. நாளைக்குன்னு வெச்சிக்காத. இன்னிக்கு."

"சொல்றேன் அக்காகிட்ட" என்று அவள் எழுந்தாள்.

வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் பள்ளிவாசல், எதிரே கிளினிக். அவள் வலது பக்கம் திரும்பி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். உள்ளே வந்து மாமியிடம் சொன்னேன்.

"நான் வாசப்படி தாண்ட முடியாது" என்றார் மாமி. "நீ போ."

பெட்டிக் கடைக்கு முன்னால் அவளைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. கிளினிக் அந்தப் பக்கம் என்றேன். தெரியும் என்றாள். "செங்கல்பட்டுல பாத்துக்கலாம்னு." செங்கல்பட்டு டாக்டருக்கு அவனைத் தெரியாது, எழுதித் தரமாட்டார் என்றேன். நானும் கூட வருகிறேன் என்றேன். ஒரு பஸ் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள். அது போனபிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு என்னோடு திரும்பினாள்.

கிளினிக்கில் கூட்டம் இருந்தது. கம்பவுண்டர் மேசைக்கு முன்னால் நான்கைந்து பேர் பெஞ்சில். எல்லாம் ஊர்க்காரர்கள்.

"யாருக்கு?" என்றார் கம்பவுண்டர்.

"பையனுக்கு."

"எங்க பையன்? வரலியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே டாக்டரும் இதையே கேட்பார், அவளிடம்தான் கேட்பார்.

"ஜெயில்ல கீறான்" என்றாள். பெஞ்சில் பேச்சு நின்றது.

கம்பவுண்டர் நிமிரவில்லை. டோக்கனைக் கிழித்து நீட்டினார். "பழைய மருந்துச் சீட்டு இருந்தா கையில வெச்சிக்கோ" என்றார். "அடுத்தது யாரு?"